இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப மருத்துவர்) ட்ரெய்னிங் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கு

பயிற்சி தொடங்கும் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை நெருங்கிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, "அக்கா, எந்த ஊர் கிடைத்தால் நல்லது?" என்றுதான். மூன்று வருடத்தையும் முடித்தவளாகச் சொல்கிறேன். ஊர் எதுவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். பயிற்சி தரும் சூப்பர்வைசர் உங்களோடு உட்கார நேரம் ஒதுக்குகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு முதல் ஆறு மாதம் ஆஸ்பத்திரி வார்டு. கானுலா (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது, டிஸ்சார்ஜ் கடிதம் எழுதுவது, இதிலேயே நாள் போய்விடும். குடும்ப மருத்துவத்துக்கு உதவுகிற அவுட்பேஷன்ட் கிளினிக் பக்கமே போக முடியவில்லை. ரோட்டாவில் (டியூட்டி பட்டியலில்) ஆள் இல்லை என்றார்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். சீனியரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாமல் வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. இங்கே கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. கேளுங்கள்.

ஜிபி பிராக்டிஸுக்கு, அதாவது குடும்ப மருத்துவர் கிளினிக்குக்கு, போனதும் டைம்டேபிளை எண்ணிப் பாருங்கள். முழுநேரப் பயிற்சி என்றால் வாரம் 40 மணி நேரம், அதாவது 10 செஷன். அதில் 7 நோயாளிகளைப் பார்க்க, 3 படிப்புக்கு. ட்யூட்டோரியல், மற்ற பயிற்சி மருத்துவர்களோடு நடக்கும் வகுப்பு, சொந்தப் படிப்பு எல்லாம் இந்த மூன்றுக்குள் வரும். அப்புறம் டீப்ரீஃப். பார்த்த நோயாளிகளைப் பற்றி சூப்பர்வைசரோடு பேசும் அந்த நேரத்தில்தான் நான் மருத்துவரானேன் என்றே சொல்வேன். வேறு வேலை வந்து அதை விழுங்க விடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம்கூடத் தருவார்கள், போகப்போகக் குறைப்பார்கள். தயாராகவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஜிஎம்சி (இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பயிற்சி மருத்துவர்களிடம் சர்வே எடுக்கிறது. முடிவுகளை அவர்கள் தளத்தில் யாரும் பார்க்கலாம். பொதுவாக, ஜிபி பிராக்டிஸில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைவிடத் திருப்தியாகவே இருக்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் மூன்று பேருக்குக் குறைவாகப் பதில் சொல்லியிருந்தால் அந்த இடத்தின் முடிவு வெளிவராது. ஒரே ஒரு ட்ரெய்னி இருக்கிற சின்ன பிராக்டிஸைப் பற்றி அங்கே தேடிப் பயனில்லை. உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவரைக் கண்டுபிடித்து, "டீப்ரீஃப் ஒழுங்காக நடக்குமா?" என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

நோயாளியோடு பேசும் விதத்தைச் சோதிக்கும் எஸ்சிஏ தேர்வு கடைசி வருடத்தில்தான், 12 கேஸ், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். நம் ஆட்கள் மருத்துவ அறிவில் குறைந்தவர்கள் இல்லை, சறுக்குவது பேச்சில். "உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று ஊரில் கேட்டால், "அதை நீங்கதானே சொல்லணும் டாக்டர்" என்பார்கள். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு அது இயல்பாக வர ஒரு வருடம் ஆனது. நோயாளியின் சம்மதத்தோடு வீடியோ எடுத்து, சூப்பர்வைசரோடு சேர்ந்து பார்த்த பிறகுதான் வந்தது. வீடியோ எடுப்பதை எஸ்டி3 (மூன்றாம் வருடம்) வரை தள்ளிப்போடாதீர்கள், முதல் ஜிபி போஸ்டிங்கிலேயே தொடங்குங்கள்.