டீசல் அடிட்டிவ் எது வாங்கலாம்? மைலேஜ் விழுந்துவிட்டது, அவசரம்

சரவணம்பட்டி_டீசல்
வணக்கம். லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த டீசல் வண்டி இப்போது 13 தாண்ட மாட்டேன் என்கிறது. பிக்கப்பும் மந்தம். உதிரிபாகக் கடையில் ஒரு அடிட்டிவ் பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள், டேங்கில் ஊற்றினால் இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டர் சுத்தமாகிவிடுமாம். நண்பன் வேறு பிராண்ட் சொல்கிறான், அது இதைவிட இரண்டு மடங்கு விலை. தினசரி ஓட்டத்துக்கு எது நல்லது? நாளை ஃபுல் டேங்க் போடப் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

நாமக்கல்_லோடு
என்ன வண்டி, எந்த வருடம், எவ்வளவு ஓடியிருக்கிறது? இது எதுவுமே இல்லாமல் எதை வைத்துச் சொல்வது?

டர்போ_தம்பி
புகை விதி எது, பழைய பிஎஸ்4-ஆ புதிய பிஎஸ்6-ஆ ப்ரோ? புகை வருகிறதா? கறுப்பா வெள்ளையா? ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? டயரில் காற்று பார்த்தீர்களா?

பிரீமியம்_மட்டும்
பாட்டிலே வேண்டாம். பங்க்கிலேயே எக்ஸ்ட்ராகிரீன், டர்போஜெட் என்று பிரீமியம் டீசல் கிடைக்கிறது. கழுவும் மருந்து அதில் சரியான அளவில் கலந்தே வருகிறது. நாம் ஊற்றினால் கூடும், குறையும். நான் வாங்கிய நாளிலிருந்து பிரீமியம் தவிர வேறு போட்டதில்லை, இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டி வரவில்லை.

பழைய_ஜீப்
காசைக் கொட்ட வேண்டாம் தம்பி. டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றும் 2டி ஆயில், லிட்டர் டீசலுக்கு 5 மில்லி. இப்போது வரும் டீசலில் கந்தகத்தை உருவிவிட்டார்கள், அதோடு வழவழப்பும் போய்விட்டது, பம்ப் தேய்கிறது. என் ஜீப்புக்கு வருடக்கணக்கில் ஊற்றுகிறேன். இன்ஜின் சத்தமே அடங்கிவிட்டது.

ரயில்பிரஷர்_1600 (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வந்துவிடுகிறது. மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவிலேயே பதில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. சரி, மறுபடியும் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அடிட்டிவ் என்பது ஒரே சரக்கு இல்லை. இன்ஜெக்டர் நுனியில் படியும் கசடைக் கழுவுவது ஒரு வகை. டீசல் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண்ணை ஏற்றுவது இன்னொன்று, அதில் பெரும்பாலும் 2-எத்தில்ஹெக்ஸில் நைட்ரேட் இருக்கும். வழவழப்பு சேர்ப்பது, தண்ணீரைப் பிரிப்பது, டிபிஎஃப்பில், அதாவது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரில், சேரும் கரியைக் குறைந்த சூட்டில் எரிய வைப்பது எல்லாம் தனித்தனி வேலை. பாட்டிலின் முன்பக்கத்தில் எல்லாம் செய்யும் என்றுதான் போட்டிருப்பார்கள். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு பாட்டிலை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நம் ஊர் டீசலில் சீட்டேன் 51க்குக் குறையக் கூடாது என்பது விதி. அதை இன்னும் இரண்டு மூன்று ஏற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் கடகட சத்தம் கொஞ்சம் குறையும். 13 கொடுக்கும் வண்டி அதனால் 18 கொடுக்காது. கழுவும் மருந்தும் அப்படித்தான். உண்மையிலேயே நுனி அடைத்திருந்தால் சில டேங்க்கில் மெல்ல வித்தியாசம் தெரியும். அடைக்காத இன்ஜெக்டரில் கழுவ என்ன இருக்கிறது?

அப்புறம் ஜீப் அண்ணன் சொன்னது. கந்தகத்தை எடுக்கும்போது வழவழப்பும் போவது உண்மைதான். அதனால்தான் சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான மருந்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். தேய்மானச் சோதனையில் விழும் வடு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று தரநிர்ணயம் இருக்கிறது. பிஎஸ்4-இல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை இருந்த கந்தகம், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது 10 ஆனது. அதற்காக வழவழப்பு விதியைத் தளர்த்திவிடவில்லை. 2டி ஆயில் எரிந்தால் சாம்பல். டிபிஎஃப் இருக்கும் வண்டியில் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிவிடும்.

பழைய_ஜீப்
என் வண்டியில் டிபிஎஃப்பே கிடையாது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், படித்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

யாழ்_வான்
எங்கட இலங்கைப் பக்கம் ஓட்டோ டீசல், சுப்பர் டீசல் என்று இரண்டு இருக்கிறது, கந்தகத்தில் வித்தியாசம். உயர் அழுத்தத்தில் டீசலைத் தூவும் கொமன் ரெயில் வாகனத்துக்கு சுப்பர்தான் அடிக்கச் சொல்கிறார்கள். அங்கே எல்லா பங்க்கிலும் ஒரே தரம் என்றால் உங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. முதலில் என்ன வாகனம் என்று அண்ணை சொல்லட்டும்.

சரவணம்பட்டி_டீசல்
மன்னிக்கவும், ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். 2021 வண்டி, பிஎஸ்6, 1.5 லிட்டர், 46 ஆயிரம் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் போடவில்லை, இழை அந்தப் பக்கம் போய்விடும். புகை இல்லை. ஃபில்டர் எல்லாம் கடைசி சர்வீஸில் மாற்றியாச்சு. செக் இன்ஜின் லைட் எரியவில்லை. வேறொரு மஞ்சள் லைட் அவ்வப்போது வரும், தானே போய்விடும். அதனால் சொல்லவில்லை.

டர்போ_தம்பி
அந்த லைட் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் குழாய் வைத்த ஒரு பெட்டி, உள்ளே புள்ளி புள்ளியாக?

நாமக்கல்_லோடு
தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? ஹைவேயில் கடைசியாக எப்போது போனீர்கள்?

சரவணம்பட்டி_டீசல்
ஆமாம், புள்ளி புள்ளியாகத்தான். வீட்டிலிருந்து ஆபீஸ் 4 கிலோமீட்டர். முன்பு வாரம் ஒருமுறை ஈரோடு போய் வருவேன், இப்போது வீட்டிலேயே எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். இதற்கும் மைலேஜுக்கும் என்ன சம்பந்தம்?

பட்டறை_17ஸ்பேனர்
சம்பந்தம் இருக்கிறது சார். அடிட்டிவை மறந்துவிடுங்கள், முதலில் ஆயில் ஸ்டிக்கை உருவுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறினதும் ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் மேல்கோட்டுக்கு மேலே நிற்கிறதா? விரலில் தொட்டால் தண்ணியாக, டீசல் வாடை அடிக்கிறதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

காரணம் இதுதான். அந்தப் புள்ளி லைட் டிபிஎஃப்புடையது. டிபிஎஃப்பில் கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கப் பார்க்கும். அதற்கு 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும், அந்தச் சூட்டுக்காகக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். நீங்கள் 4 கிலோமீட்டரில் சாவியை அணைத்துவிடுகிறீர்கள். பாதியில் நின்றது அடுத்த நாள் முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதுவும் பாதியில் நிற்கும். எரியாத டீசல் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். மைலேஜ் அங்கேதான் போகிறது. கரி அடைத்த ஃபில்டர் புகையை வெளியே விடாமல் பிடிப்பதால் பிக்கப்பும் போகிறது. வண்டியை நிறுத்தியதும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறதா, ஐடிலிங் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள்.

பிரீமியம்_மட்டும்
முதலில் அந்த 13 என்பதே சரியா? டிஸ்ப்ளேயில் பார்த்ததா, ஒரு ஃபுல் டேங்க்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரை கணக்குப் போட்டுப் பார்த்ததா? ஆட்டோ கட் ஆகும் வரை ஒரே பங்க்கில், ஒரே மிஷினில் போட்டுப் பார்த்தால்தான் கணக்கு.

ஊட்டி_இறக்கம்
ஆட்டோ கட்டை நம்பினால் கணக்கு தப்பும். டீசல் நுரைக்கும், நுரைக்கே துப்பாக்கி கட் ஆகிவிடும். நுரை அடங்கவிட்டு வாய் வரை நிரப்ப வேண்டும்.

பிரீமியம்_மட்டும்
வாய் வரை நிரப்பக் கூடாது, ஆவிக்கு இடம் வேண்டும். இரண்டு முறையும் ஒரே மாதிரி கட் ஆனால் போதும்.

திருப்பூர்_நைட்ஷிப்ட்
இதைவிடப் பெரிய விஷயம், ரவுண்டாக 1000, 2000 என்று போடாதீர்கள். 1010, 2030 என்று கேளுங்கள். ரவுண்டு தொகைக்கு மிஷினில் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது.

நாமக்கல்_லோடு
அப்படி ஒவ்வொரு பங்க்கையும் சந்தேகப்பட வேண்டாம் நண்பரே. சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். முத்திரை வைத்த அளவை ஒவ்வொரு பங்க்கிலும் இருந்தாக வேண்டும், கேட்டால் காட்டியே தீர வேண்டும். 5 லிட்டரில் 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நான் லோடுக்குப் போகும் வழியில் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

திருப்பூர்_நைட்ஷிப்ட்
நைட்டில் கேட்டால் அளவை பூட்டில் இருக்கிறது, மேனேஜர் இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

நாமக்கல்_லோடு
எடை அளவைத் துறைக்குப் புகார் கொடுங்கள். வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரயில்பிரஷர்_1600 (மூத்த உறுப்பினர்)
பங்க் சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

பட்டறை அண்ணன் சொன்னதுதான் பதில். டிபிஎஃப்புக்கென்று விற்கும் அடிட்டிவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சீரியம், இரும்பு போன்ற உலோகக் கூட்டு கரியை 450 டிகிரி பக்கத்திலேயே எரிய வைக்கும், அது பொய் இல்லை. டிபிஎஃப்போடு முதலில் வந்த காரான பெஜோ 607, 2000-இல் அப்படித்தான் வந்தது. சீரியத்துக்குத் தனி டேங்க், வண்டியே அளந்து கலந்துகொள்ளும். அந்த ஏற்பாடு இல்லாத வண்டியில் கையால் ஊற்றினால் உலோகம் சாம்பலாக உள்ளேயே நிற்கும். நகர ஓட்டத்துக்கு ஒன்றிரண்டு முறை உதவலாம், ஒவ்வொரு டேங்க்குக்கும் ஊற்றும் சரக்கு இல்லை. உங்கள் கையேட்டில் அடிட்டிவ் கூடாது என்று எழுதியிருந்தால் வாரண்டிக்காகவாவது அதைக் கேளுங்கள்.

ஊட்டி_இறக்கம்
டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றும் ஒரு கை பார்த்துவிடுங்கள். ஃபில்டர் அடியிலிருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டை உருண்டையாக உட்காரும், டீசல் மேலே மஞ்சளாகத் தனியாக நிற்கும். தண்ணீரை டீசலோடு கரைத்துவிடுகிறேன் என்று சொல்லும் அடிட்டிவ் மட்டும் வேண்டவே வேண்டாம். ஃபில்டரில் நிற்க வேண்டிய தண்ணீர் அதையும் தாண்டி இன்ஜெக்டருக்குப் போய்விடும். 1600 பார் போன்ற பெரிய அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்டர் தண்ணீர் தாங்காது.

சரவணம்பட்டி_டீசல்
ஸ்டிக் பார்த்தேன். மேல்கோட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே நிற்கிறது, டீசல் வாடைதான். இன்று ராத்திரியே அவிநாசி ரோட்டில் நன்றாக ஒரு ஓட்டு ஓட்டிவிடட்டுமா?

பட்டறை_17ஸ்பேனர்
வேண்டாம் சார், அவசரப்படாதீர்கள். இவ்வளவு மேலே நிற்கும்போது ஹைவேயில் மிதிக்கக் கூடாது. ஆயில் இன்டேக் பக்கம் இழுபட்டு இன்ஜின் தன்னாலேயே தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. முதலில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுங்கள். கையேட்டில் போட்டிருக்கும் அதே கிரேடு, டிபிஎஃப்புக்கான குறைந்த சாம்பல் ஆயில். விலை குறைவு என்று வேறு ஊற்றிவிடாதீர்கள். அங்கேயே ஸ்கேனரைச் செருகி, கரி எவ்வளவு என்று பார்த்து, வண்டி நிற்கும்போதே எரிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் ஹைவே. வாரம் ஒருமுறையாவது 60, 70-இல், ஒரு கியர் குறைவாக, 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்க விடாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். லைட் எரியும்போது ஓட்டிக்கொண்டிருந்தால் அணையும் வரை நிறுத்தாதீர்கள்.

டர்போ_தம்பி
பட்டறை அண்ணா, இந்த வண்டிக்குக் கடைசியாக சர்வீஸ் செய்த இடத்தில் ஆயில் அளவை யாருமே கவனிக்கவில்லையா?

பட்டறை_17ஸ்பேனர்
சர்வீஸ் முடிந்த அன்று சரியாகத்தான் இருந்திருக்கும். ஏறியது அதற்கப்புறம்.

சரவணம்பட்டி_டீசல்
ஆயில் மாற்றியாச்சு, ஸ்கேனரிலும் எரித்தார்கள். லைட் போய்விட்டது. பெருந்துறை வரை போய் வந்தேன், பிக்கப் பழையபடி. மைலேஜ் அடுத்த டேங்க்கில்தான் தெரியும். எல்லாருக்கும் நன்றி.

பிரீமியம்_மட்டும்
அடுத்த டேங்க் பிரீமியம் போட்டுப் பாருங்கள்.

பட்டறை_17ஸ்பேனர்
நல்லது சார். எந்த டீசல் போட்டாலும் ஆயில் ஸ்டிக்கை மட்டும் அடிக்கடி பாருங்கள். ஹைவே ஓடியும் மறுபடி ஏறினால் டிபிஎஃப்பின் பிரஷர் சென்சார், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இஜிஆர், இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல் அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வந்த கரி அளவு கையில் இருந்தால் இங்கே போடுங்கள்.