வலயத்தட்டு 15 நனோமீற்றர் என்றால் உயிர்க்கலமும் 15 நனோமீற்றரில் தெரியுமா?

வடலி:
மென் எக்ஸ்-கதிர் நுணுக்குக்காட்டியை வடிவமைப்பதைப் பற்றி விண்ணாணம் பேச ஒன்றுமில்லை. வலயத்தட்டு என்பது வட்ட வட்டமான வலயங்களால் எக்ஸ்-கதிரைக் குவிக்கும் தட்டு; அதன் வெளிவலயத்தை ஒடுக்க ஒடுக்கப் படம் நுணுக்கமாகும், அவ்வளவுதான். பேர்க்லியில், எக்ஸ்-கதிர் தரும் துணிக்கை ஆர்முடுக்கியான சின்குறோத்திரனில் 2005 இலேயே 15 நனோமீற்றரை எட்டிவிட்டார்கள். உயிர்க்கலத்தையும் அதே நுணுக்கத்தில் பார்க்கலாம்.

கிணற்றுக்கட்டு:
கடைசி வரியில் தேநீர் புரையேறிவிட்டது. அந்த 15 நனோமீற்றர், குரோமியமும் சிலிக்கனும் மாறிமாறி அடுக்கிய மெல்லிய சோதனைத் துண்டை 815 இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள கதிரில் பார்த்துப் பெற்றது. நீர் வழிவிட்டுப் புரதம் கறுத்துத் தெரிகின்ற நீர்ச்சாளரமோ, காபனின் உறிஞ்சல் திடீரென ஏறும் 284 க்கும் ஒட்சிசனின் உறிஞ்சல் ஏறும் 543 க்கும் இடையில் இருக்கிறது. சோதனைத் துண்டுக்குக் கிடைத்த சான்றிதழைக் கலத்தின் கழுத்தில் மாட்டாதீர்கள்.

வடலி:
அலைநீளத்தை மாற்றினால் தட்டில் உள்ள வலயம் வீங்கிவிடுமோ? 15 என்றால் 15தான்.

பனங்கூடல்:
பிரிதிறன் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மாறிமாறி வரும் கோடுகளில் ஒரு கோட்டின் அகலத்தையா (அரைச்சுற்று), இரு புள்ளிகளைப் பிரித்தறியும் ரேலியின் அளவுகோலையா?

கிணற்றுக்கட்டு:
வலயம் வீங்காது ஐயா, குவிய ஆழம், அதாவது ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் தடிப்புத்தான் வற்றும்; அது வலய அகலத்தின் வர்க்கத்தோடு குறைகிறது. நீர்ச்சாளரத்துக்குள் வரும் 2.4 நனோமீற்றர் அலைநீளத்தில் 40 நனோமீற்றர் வலயத்துக்கு ஏறக்குறைய 2.7 மைக்குரோமீற்றர் ஆழம் கிடைக்கும். 25 க்கு ஒன்று, உங்கள் 15 க்கு 0.4 கூட இல்லை. மதுவக்கலத்தின் பருமன் ஏறக்குறைய ஐந்து. கிடுகு வேலியின் பொட்டைச் சிறிதாக்கினால் அயல் வளவு முழுவதும் தெளிவாகிவிடும் என்கிறீர்கள். மேலும், 100 மைக்குரோமீற்றர் விட்டமுள்ள தட்டின் குவியத்தூரம் 25 இல் ஒரு மில்லிமீற்றர், 15 இல் 0.6. முப்பரிமாணப் படத்துக்காகச் சுழற்ற வேண்டிய மாதிரியை அந்த இடுக்கில் எப்படித் திருப்புவீர்கள்? தட்டையான தாங்கி முட்டும் என்பதற்காகத்தானே மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் கலங்களை ஏற்றுகிறார்கள்?

நெய்தல்:
முதலில் நுண்ணோக்கி என்று எழுதிப் பழகுங்கள். நுணுக்குக்காட்டி என்ற சொல் வாயில் நுழையவில்லை.

வடலி:
எங்கள் பாடநூலில் நுணுக்குக்காட்டிதான். சொல்லைத் திருத்த இங்கே யாரும் அழைக்கவில்லை. கிணற்றுக்கட்டு அவர்களே, சென்ற மாதம் தொலைநோக்கி ஆடியைப் பற்றிய விவாதத்திலும் விட்டத்தைக் கேட்டபோது நீங்கள் விலாங்காக நழுவினீர்கள். 15 ஐ எட்டினார்களா, இல்லையா?

கிணற்றுக்கட்டு:
எட்டினார்கள், துண்டில். ஆடியின் விட்டத்தை அன்றே எழுதினேன். படிக்காதது என் குற்றமன்று. இன்னுமொன்று: 100 மைக்குரோமீற்றர் தட்டில் 25 நனோமீற்றருக்கு ஆயிரம் வலயங்கள் என்றால், கதிரின் அலைநீளப் பரவலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். 15 க்கு ஒடுக்கினால் வலயங்கள் 1,600 ஐத் தாண்டும். கதிரை அதற்கேற்ப இன்னும் வடிகட்டினால் ஒளி குறையும், படமெடுக்கும் நேரம் நீளும். ஒடுக்குவது மட்டும்தான் வடிவமைப்பென்றால் கதிரை வடிகட்டிக் கொண்டுவரும் அந்தக் கதிர்வழியை யார் கட்டுவது?

பனங்கூடல்:
என் கேள்வி அப்படியே இருக்கிறது.

வடலி:
ஆக, 15 என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

கிணற்றுக்கட்டு:
துண்டில்.