"ஸ்டார் பிட்" கேட்டு வாங்கிய வினை: கழலாத போல்ட் அனுபவங்கள்

என் காரில் இடது பக்க உள் சிவி ஜாயின்ட்டின் (கியர்பாக்ஸின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு) ரப்பர் பூட், அதாவது உறை, கிழிந்து, கிரீஸ் எல்லாப் பக்கமும் தெறித்திருந்தது. பத்து வருடம் ஓடிய ஜெர்மன் ஹாட்ச்பேக். பூட்டின் விலை ஒன்றும் பெரிதில்லை, கூலிதான் கசக்கும். சரி, நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, கீழே படுத்தேன். மூட்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃபிளேஞ்சில் (வட்டத் தட்டில்) ஆறு போல்ட். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு மண்டையிலும் நட்சத்திரம் போல ஒரு குழி.

மறுநாள் பாரிமுனையில் ஒரு டூல்ஸ் கடையில் போய் "ஸ்டார் பிட் கொடுங்க" என்றேன். கடைக்காரர் பிலிப்ஸ் பிட்டை எடுத்து வைத்தார். அவர் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவுக்குத்தானே ஸ்டார் என்று பெயர்! "அது இல்லண்ணே, ஆறு முனை இருக்கும்" என்று விளக்கினேன். "ஓ, டார்க்ஸா" என்று ஒரு செட்டைக் கொடுத்தார். ஆறு முனை என்று சொன்னது நான்தான். போல்ட்டில் எத்தனை முனை என்று எண்ணிப் பார்க்காதவனும் நான்தான்.

அந்த டார்க்ஸ் செட்டில் டி45 என்ற அளவு பிட் உள்ளே போய் உட்கார்ந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனால் உட்கார்ந்தது. முதல் போல்ட் கழன்றுவிட்டது, இரண்டாவதும் கழன்றது. என்னைக் கெடுத்தது அந்த இரண்டும்தான். மூன்றாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். விட்டுக்கொடுத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு பிட்டை வெளியே எடுத்தால், குழியில் முனை எதையும் காணோம். மோதிரம் போல வழவழவென்று இருந்தது.

அதன் பிறகுதான் துணியால் துடைத்துவிட்டு எண்ணினேன். பன்னிரண்டு முனை. இதற்குப் பெயர் ட்ரிபிள் ஸ்கொயர், பிட்டின் மேல் எக்ஸ்இசட்என் என்று போட்டிருக்கும். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றை 30 டிகிரி திருப்பி, அதன் மேல் மூன்றாவதை இன்னும் 30 டிகிரி திருப்பி வைத்தால் வரும் வடிவம். முனை ஒவ்வொன்றும் 90 டிகிரிக் கூர்மை. டார்க்ஸ் வேறு சாதி. 1967-ல் அமெரிக்காவின் கேம்கார் டெக்ஸ்ட்ரான் கொண்டுவந்தது, ஆறே முனை, அதுவும் உருண்டையாக வளைந்திருக்கும். டி45 ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் என்பதால் எம்8 ட்ரிபிள் ஸ்கொயர் குழிக்குள் புகுந்துவிடும். புகுந்தாலும் பன்னிரண்டு முனையில் ஆறைத்தான் தொடும், அதையும் நுனியில்தான்.

மறுபடியும் கடைக்குப் போய் எம்8 எக்ஸ்இசட்என் பிட் ஒன்று வாங்கினேன். மிச்சம் மூன்று போல்ட்டையும் உடனே கழற்றவில்லை. குழிக்குள் பத்து வருடச் சேறும் கிரீசும் கெட்டியாகி அடியில் படிந்திருந்தது. கோணி ஊசியால் குடைந்து, பிரேக் கிளீனர் அடித்து, பிட்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். பிட் இன்னும் மூன்று மில்லிமீட்டராவது கீழே இறங்கியது. அந்த அழுக்கோடு திருப்பியிருந்தால் சரியான பிட்டே வழுக்கியிருக்கும்.

வழவழவென்று ஆனதற்கு டி50 பிட்டைப் பலி கொடுத்தேன். அது சுமார் 9 மில்லிமீட்டர். தேய்ந்த குழிக்குள் அடித்து இறக்கியதும் தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தானே வெட்டிக்கொண்டது. அந்த அடியைப் பற்றி கியர்பாக்ஸ் பேரிங் என்ன நினைத்ததோ தெரியாது. போல்ட் வந்துவிட்டது. ஆறுக்கும் புது போல்ட் போட்டு முடித்தேன்.

உங்களை இப்படி அழவைத்தது எது? எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

எனக்கு ஆயில் டிரெயின் பிளக், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் மூடி. ரெனோவின் 1.5 லிட்டர் டீசல் என்ஜின் வண்டி. இந்த என்ஜின் நம் ஊரில் லோகன், டஸ்டர் என்று பல பெயரில் ஓடியது. சம்ப்பின் (என்ஜின் ஆயில் தொட்டியின்) அடியில் இருக்கும் அந்தப் பிளக்கில் ஸ்பேனர் பிடிக்க அறுகோணமே இருக்காது. 8 மில்லிமீட்டர் சதுரக் குழிதான். ராட்செட்டின் கால் இஞ்ச் முனை 6.35 மில்லிமீட்டர், விட்டால் உள்ளே சுற்றும். அடுத்த சைஸ் 9.5, உள்ளேயே போகாது.

தனி டூல் கிடைக்கிறது, ஆனால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். நான் வசிப்பது பட்டறை ஊர். தெருமுனை லேத்தில் போய், "8 மில்லியில் சதுரமாக ஏதாவது கம்பி இருக்காண்ணா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூலையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்துப் போட்டார். மோட்டார் ஷாஃப்ட்டில் புல்லியை நிறுத்தச் செருகுகிறோமே, சாவி, அதற்கான கீ கம்பி. அது 8க்கு 8 அளவிலேயே வருகிறது. ஐந்து சென்டிமீட்டர் அறுத்து, முனையைக் கொஞ்சம் கிரைண்டரில் சரித்துக் கொடுத்தார். காசு கேட்டதற்கு, டீ வாங்கிக் கொடுங்கள் என்றார். வெளியே நீட்டியிருக்கும் பாதியை ரிங் ஸ்பேனரில் பிடித்துத் திருப்பினால் வேலை முடிந்தது. நான்கு ஆயில் மாற்றம் ஆகிவிட்டது, கம்பி முறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பக்கம் ஓடுறதில் பெரும்பாலானவை ஜப்பான் வாகனங்கள்தான். ஆகவே நான் சொல்லப்போவது அந்தக் கூட்டல் குறி ஸ்க்ரூவைப் பற்றி.

முன் பிரேக் டிஸ்க்கைச் சில்லு பூட்டும் ஹப்போடு பிடித்து வைக்க இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பிலிப்ஸ் டிரைவரை வைத்து முழுப் பலத்தோடு அமத்தித் திருப்பினேன். டிரைவர் மேலே எழும்பி வழுக்கியது. மூன்றாம் தரம் திருப்பும்போது கூட்டல் குறி பூச்சியமாகிவிட்டது.

பக்கத்துக் கராஜ் அண்ணை வந்து பார்த்துச் சிரித்தார். அது பிலிப்ஸ் இல்லையாம், ஜப்பான் தரமான ஜேஐஎஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஜேஐஎஸ் குழிக்குள் பிலிப்ஸ் முனை அடிவரை போய் உட்காராது. ஜப்பான் ஸ்க்ரூக்கள் பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள், பழைய கமெரா, தையல் மெசின் எல்லாவற்றிலும் புள்ளி தேடினேன்.

மற்றப் பக்கத்தை அவர் செய்து காட்டினார். மூன்றாம் நம்பர் ஜேஐஎஸ் பிட், இம்பாக்ட் டிரைவர். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால் உள்ளே அமத்திக்கொண்டே கொஞ்சம் திருப்பும் சாமான். இரண்டே அடி. நான் பழுதாக்கிய ஸ்க்ரூவின் தலையைத் துளை போட்டு எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. புதிதைப் பூட்டும்போது, "கையால இறுக்கினாக் காணும் தம்பி" என்றார். டிஸ்க்கை உண்மையில் பிடித்திருப்பது சில்லு நட்டுகள்தான். இந்த ஸ்க்ரூ பூட்டும் நேரத்தில் டிஸ்க் விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கோத்தகிரியிலிருந்து

நீங்கள் எல்லாரும் இரும்போடு மல்லுக்கட்டுகிறீர்கள். என்னை அழவைத்தது பிளாஸ்டிக்.

முன் பம்பரைக் கழற்றி ஃபாக் லாம்ப் மாற்ற வேண்டும். காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தேன், டிசம்பர் மாதம். முதல் மூன்று கிளிப்பும் பிஸ்கட் போல உடைந்தன. வீட்டுக்காரர் காபியோடு வந்து, "வெயில் வரட்டுமே" என்றார். சும்மா சொல்லியிருப்பார், ஆனால் விஷயம் அதுதான். குளிரில் பிளாஸ்டிக் வளையாது, முறியும். பத்து மணிக்கு வெயில் பானட்டில் விழுந்த பிறகு அதே கிளிப்புகள் சமர்த்தாக வந்தன.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கற்றேன். நடுவில் பின் வைத்த கிளிப்பில் இரண்டு வகை. ஒன்றில் நடுப் பின்னை மேலே நெம்ப வேண்டும். மற்றதில் அதை உள்ளே அழுத்த வேண்டும், அரை சென்டிமீட்டர் கூட வேண்டாம், லேசாக ஒரு 'கிளிக்'. இரண்டாவது வகையை நெம்பிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க நெம்பலாம். திரும்ப மாட்டும்போது அந்தப் பின்னைப் பின்பக்கத்திலிருந்து தள்ளி, தலை தூக்கி நிற்கும்படி வைத்துவிட்டுச் செருகி, பிறகு மட்டமாக அழுத்த வேண்டும்.

நெம்ப நான் எடுத்தது தோசைத் திருப்பி. பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்கப் பழைய பனியனைச் சுற்றிக்கொண்டேன். வேறு புதுத் திருப்பி வாங்கியாயிற்று, கேட்காதீர்கள்.

மதுரையிலிருந்து

சுருக்கமாக: எந்தப் பக்கம் கழற்றுவது என்று முதலில் பாருங்கள். சைக்கிளின் இடது பெடலும் யமஹாவின் வலது கண்ணாடியும் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்) என்று எல்லாருக்கும் தெரியும். ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டர் ஃபேனின் பெரிய நட்டும் அப்படித்தான் என்பது, இரண்டடி பைப்பைச் செருகி அரை மணி நேரம் இறுக்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திண்டிவனத்திலிருந்து

அலாய் வீல் லாக் நட். நான்கு சக்கரத்துக்கும் ஒன்றொன்று, திருடன் கழற்ற முடியாது. சாவி இல்லாவிட்டால் சொந்தக்காரனும் கழற்ற முடியாது. இரவு பதினொன்றரை, நெடுஞ்சாலை, பஞ்சர். சாவி வீட்டில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

பஞ்சர் கடை அண்ணன் பதறவே இல்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்தார், உள்ளே எல்லாம் பழைய பன்னிரண்டு முனை சாக்கெட். நட்டை விட ஒரு நூல் சின்னதாக ஒன்றைப் பொறுக்கி, நட்டின் மேல் வைத்து, பெரிய சுத்தியலால் ஐந்து அடி. நட்டின் உடம்பைக் கடித்துக்கொண்டு இறங்கியது. நீளக் கம்பியை மாட்டி ஏறி நின்றார். 'கீச்' என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. சாக்கெட்டுக்குள் சிக்கிய நட்டை அடித்து எடுக்கத்தான் கூடுதல் நேரம் ஆனது. "வாரத்துக்கு ஒருத்தர் வராங்க சார்" என்றார். என் திருட்டுப் பாதுகாப்பு சரியாக ஐந்து அடி தாங்கியது.

மீதி மூன்றையும் மறுநாளே எடுத்துவிட்டுச் சாதாரண நட் போட்டேன். வைத்திருப்பவர்கள் சாவியைச் சக்கரம் மாற்றும் டூல் பைக்குள்ளேயே போடுங்கள். பெட்டியோடு வந்த அட்டையில் சாவியின் எண் இருந்தால் அதை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்

முதல் பதிவு எழுதிய சென்னை நண்பருக்கு ஒரு சந்தேகம். ரப்பர் பூட்டை மாற்றினேன் என்கிறீர்கள், அதைச் சுற்றிப் பிடிக்கும் அந்தக் காது வைத்த கிளாம்ப்பை எதால் இறுக்கினீர்கள்? அதற்கும் தனி பிளையர் கேட்பார்களே?

சென்னையிலிருந்து

கேட்பார்கள். நான் வாங்கவில்லை. சாதா கட்டிங் பிளையரில் முயன்றேன், காது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ரப்பர் பூட்டும் வழுக்கியது. கீழ்வீட்டில் கதவு வேலை செய்துகொண்டிருந்த தச்சரிடம் ஆணி பிடுங்கும் குறடு இரவல் வாங்கினேன். அதன் வாய் இரண்டு பக்கமும் சமமாகக் கடிக்கும், காது அழகாக மடிந்தது. அழுத்தும்போது கை கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், விட்டால் கிளாம்ப்பையே வெட்டிவிடும். அடுத்த சனிக்கிழமை வலது பக்க பூட். எம்8 பிட் தயார், கோணி ஊசி தயார், குறடுதான் தச்சரோடு தாம்பரம் போய்விட்டது.

உங்கள் லேத்காரரிடம் அந்தக் கீ கம்பியில் எனக்கும் ஒரு துண்டு அறுத்து வைக்கச் சொல்லுங்கள். மச்சான் டஸ்டர் வாங்கியிருக்கிறான். டீக்காசு நான் தருகிறேன்.