ஒரு ரைஃபிளில் சுட்ட .308 கேஸ் இன்னொன்றில் நுழைய மறுக்கிறது

கேள்வி:
இரண்டும் .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். முதல் ரைஃபிளில் சுட்டு, கழுத்தை மட்டும் சைஸ் செய்த (டையில் அழுத்திச் சுருக்கிய) கேஸ், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடு, அதிலேயே சிக்கலில்லாமல் போகிறது. இரண்டாவதில் போல்ட் பாதியில் நிற்கிறது. புல்லட் இல்லாத வெறும் கேஸுக்கும் அதே கதைதான். நீளம் 2.010 அங்குலம். ஃபுல் லெங்த் டையை (கேஸ் முழுவதையும் சுருக்கும் அச்சு) ஷெல் ஹோல்டரில் (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) முட்டும்வரை இறக்கி எல்லாக் கேஸ்களையும் சைஸ் செய்துவிடலாமா?

பதில் 1:
உச்ச அளவு 2.015, ஆகவே நீளத்தில் குறையில்லை. கேஸ் முதல் ரைஃபிளின் சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) வடிவத்துக்கு விரிந்துவிட்டது. கழுத்தை மட்டும் சுருக்கும் நெக் டை, ஷோல்டரையும் (கழுத்துக்குக் கீழுள்ள சரிவு) உடலையும் தொடாது. ஃபுல் லெங்த் டைதான் வழி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முட்டவிடாதீர்கள். ஷோல்டர் அளவுக்கு மேல் பின்னால் போனால், சுடும்போது கேஸின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பகுதி போல்டை நோக்கி இழுபடும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, சில முறை சுட்டபின் கேஸ் இரண்டாகப் பிரியும்.

இரண்டாவது ரைஃபிளில் சுட்ட கேஸின் பிரைமரை (அடியிலுள்ள பற்றவைக்கும் மூடி) எடுத்துவிட்டு, கேலிப்பரில் கம்பேரேட்டர் (அடியிலிருந்து ஷோல்டர்வரை அளக்க உதவும் துணைக்கருவி) பொருத்தி ஷோல்டரை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 0.002 அங்குலம் குறைவாக வந்தால் போதும். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஐந்து டிகிரி திருப்பினால் சுமார் 0.001 இறங்கும். தொடக்கத்தில் அளவு குறையாமல் கூடினால் பயப்படாதீர்கள்: உடல் இறுகும்போது ஷோல்டர் முதலில் முன்னால் தள்ளப்படும்.

பதில் 2:
சைஸ் செய்தபின் நீளம் கூடும். டிரிம் (வாயை வெட்டி நீளத்தைக் குறைப்பது) அதற்குப் பிறகுதான், 2.005க்கு. சைஸ் செய்யுமுன் பூசும் கிரீஸ் ஷோல்டரில் தேங்கினால் பள்ளம் விழும், உடலில் போதாவிட்டால் கேஸ் டைக்குள் சிக்கும்.

நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடிச்சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் அங்கே சுவர் மெலிந்துவிட்டது, அந்தக் கேஸ் குப்பைக்கு.

கேட்டவர்:
ஷோல்டர் 0.002 பின்னால் வந்துவிட்டது. போல்ட் இன்னும் இறுக்கம்.

பதில் 1:
போல்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு, கேஸ் முழுக்க மார்க்கர் பூசிப் போட்டுப் பாருங்கள். மை அடிப்பக்கம் தேய்ந்தால் சாதாரண டை அந்த இடத்தைப் போதுமான அளவு சுருக்கவில்லை. அடிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கும் ஸ்மால் பேஸ் டை வேண்டும்.

பதில் 3:
பொருந்தியபின் பழைய லோடை (நிரப்பும் மருந்து அளவு) அப்படியே இரண்டாவதுக்கு மாற்றாதீர்கள். த்ரோட் (சேம்பருக்கு முன்னுள்ள குழல் பகுதி) வேறு, புல்லட் ஆழமும் வேறு. ரீலோடிங் புத்தகத்தின் தொடக்க மருந்து அளவிலிருந்து மறுபடி ஏறி வரவேண்டும். கேஸ்களையும் ரைஃபிள்வாரியாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். சின்ன சேம்பருக்கு அமைத்ததைப் பெரியதிலும் சுட்டால் பித்தளை வீணாக நீண்டு சீக்கிரம் தேயும்.