[கலைச்சொல்] ராக வினாடிவினாவில் வரும் 'கிளிப்': தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். ஜூமில் ராகம் கண்டுபிடிக்கும் போட்டி நடத்துவோருக்கான கையேட்டில் 'கிளிப்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆலாபனையில் (தாளமும் பாட்டு வரியும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) 12 முதல் 15 விநாடியை வெட்டியெடுத்து, பாடியவர் பெயர் சொல்லாமல் ஒலிக்கவிடுவார்களே, அதுதான். 'துணுக்கு' போதுமா?

---

> 'துணுக்கு' போதுமா?

துணுக்கு என்றதும் வாரப் பத்திரிகைச் சிரிப்புதான் கண்ணில் நிற்கிறது. தவிர, துணுக்கு தன்னளவில் முடிந்துவிடும். இது பாதியில் நிற்பது. 'துண்டு' என்றால் கச்சேரிக் கடைசியில் பாடும் துக்கடா குறுக்கே வரும். துக்கடாவுக்கு மூலமான இந்திச் சொல்லுக்கும் துண்டு என்றுதான் பொருள். 'பிடி' என்று வைக்கலாமே? கேட்டதும் பிடிக்க வேண்டியதுதானே.

---

> 'பிடி' என்று வைக்கலாமே?

வேண்டாம் ஐயா. ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிரயோகத்துக்கு (ஸ்வரக் கோவைக்கு) வித்வான்கள் சொல்வதே 'பிடி'. எளிய கேள்வியில் அது முதல் மூன்று விநாடிக்குள் வந்துவிடும். கடினமானதில் வேண்டுமென்றே தள்ளிவைப்பார்கள். "இந்தப் பிடியில் பிடி இல்லை" என்றெல்லாம் எழுத வேண்டிவரும்.

தள்ளிவைப்பதற்கும் அளவு உண்டு. 29ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்துக்கும் 65ஆவதான கல்யாணிக்கும் ஸ்வரத்தில் வேறுபாடு மத்யமம் ('ம') ஒன்றுதான். மத்யமத்தைத் தொடாத இடமாகப் பார்த்து வெட்டிவிட்டு ஒரு விடையைத் தவறென்றால் சண்டைதான்.

என் பரிந்துரை 'நறுக்கு'. ஓலை நறுக்கு பழைய வழக்கு. நீண்ட ஒன்றிலிருந்து தேவைக்கு அளவாக வெட்டியது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

---

> என் பரிந்துரை 'நறுக்கு'.

வழிமொழிகிறேன். வெண்டைக்காய் நினைவுக்கு வந்தால் வரட்டும். ஆனால் வரையறையில் "தம்புரா கேட்கும்படி" என்று சேர்த்தாக வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு மைக்கை அருகில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜூமின் இரைச்சல் நீக்கி, விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் போலக் கருதி அமுக்கிவிடும். ஆதார ஷட்ஜம் (தம்புரா காட்டும் அடிப்படை 'ஸ') போனால் மோகனத்தின் காந்தாரத்தை ('க') ஷட்ஜமாகக் கேட்பவருக்கு அது ஹிந்தோளம், ரிஷபத்தை ('ரி') அப்படிக் கேட்பவருக்கு மத்யமாவதி. கிரகபேதம், அதாவது வேறு ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்தால் வேறு ராகம் வருவது, தெரிந்தவர்தான் இதில் முதலில் ஏமாறுவார்! கணினியின் ஒலியை நேரடியாகப் பகிர வேண்டும். மைக்தான் வழி என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கோப்பை முன்கூட்டியே அனுப்புவதானால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. உள்ளே பதிந்திருக்கும் பாட்டின் பெயரையும் அழிக்க வேண்டும்; இல்லையென்றால் கைப்பேசித் திரையிலேயே விடை ஓடும். இயற்றியவரைக் கேட்கும் சுற்றுக்குச் சரணத்தில் வெட்டும்போது முத்துசுவாமி தீட்சிதரின் முத்திரைச் சொல்லான 'குருகுஹ' காதில் விழுந்தால் தீட்சிதர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் மணியடிப்பார்கள்.

---

> வழிமொழிகிறேன்.

சரி, 'நறுக்கு' என்றே திருத்துகிறேன். வினையில்தான் சிக்கல்: "நறுக்கை நறுக்கவும்" நன்றாக இல்லை. "நறுக்கு எடுக்கவும்" என்று போட்டிருக்கிறேன். கமகத்தின் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நடுவே எடுத்தால் தொடக்கத்தில் 'டப்' என்று கேட்குமே, அதனால் கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிற்பது) முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த 'டப்'புக்கு ஒரு பெயர் வேண்டும். 'வெட்டொலி'?