ஊர் ஏரியில் படகு விட ஏலம் எடுத்திருக்கிறோம்: விதிமுறையில் என்னென்ன எழுத வேண்டும்?

ஏரிக்கரையான்:

வணக்கம். எங்கள் பேரூராட்சி ஏரியில் படகு விட இந்த வருஷம் ஏலம் எடுத்திருக்கிறோம். ஏரி சுமார் 60 ஏக்கர். கார்த்திகையில் நிரம்பினால் மதகுப் பக்கம் 4 மீட்டர் ஆழம் இருக்கும். சித்திரையில் பாதி ஏரி சேறுதான். ஒரு மூலையில் ஆகாயத்தாமரை, நடுவில் பழைய கருவேல மரங்களை வெட்டிய கட்டைகள்.

பெடல் படகு 15, அவுட்போர்டு எஞ்சின் (பின்விளிம்பில் வெளியே மாட்டுவது, 9.9 ஹெச்.பி.) வைத்த ஃபைபர் படகு 2. ஃபைபர் படகை விற்றவர் "பத்துப் பேர் தாராளமாகப் போகலாம்" என்றார், காகிதத்தில் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் பாதுகாப்பு பற்றி இருப்பது ஒரே வரி: "உரிய விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்." அந்த உரிய விதி எது என்று கேட்டால், "நீங்களே எழுதிக் கொண்டு வாருங்கள், மன்றத்தில் வைக்கலாம்" என்கிறார்கள்.

எந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும்? பத்துப் பேர் என்பதை எப்படிச் சரிபார்ப்பது? இடுப்பளவு தண்ணீரில் ஓடும் பெடல் படகுக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? போடச் சொன்னால் வருகிறவர்கள் சண்டைக்கு நிற்பார்கள்.

தூக்குக்குண்டு:

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தது 2021ஆம் ஆண்டு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம். ஆறு, கால்வாய் மட்டுமல்ல, ஏரியும் அதில் அடக்கம். எஞ்சின் வைத்த படகு என்றால் சர்வே சான்றிதழ் (படகைப் பரிசோதித்துத் தருவது), பதிவு, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு நான்கும் வேண்டும். பேட்டரியில் ஓடினாலும் அது எஞ்சின் படகுதான். "கரன்ட் படகுக்குப் பதிவு வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். எஞ்சின் இல்லாதவற்றை உள்ளாட்சி அளவில் பதிவேட்டில் ஏற்றவும் அதே சட்டத்தில் இடம் உண்டு. ஏரி யாருடையது என்பதையும் முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை; அப்படியானால் பேரூராட்சித் தீர்மானம் மட்டும் போதாது, அவர்கள் அனுமதியும் வேண்டும்.

இனி பத்துப் பேர் விஷயம். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியிலேயே இதுதான் முக்கியம்.

சர்வேயர் வருவதற்கு முன் நீங்களே ஒரு நாள் செலவழித்துப் பார்க்கலாம். ஆளுக்கு 75 கிலோ. பத்துப் பேரும் ஓட்டுநரும் சேர்த்து 825 கிலோ, அதாவது 25 கிலோ மணல் மூட்டை 33. படகைத் துறையோரம் இடுப்பளவு தண்ணீரில் கட்டி, மூட்டைகளை இருக்கைமேல் அடுக்குங்கள். தரையில் அடுக்கினால் படகு ஆடாமல் நிற்கும், மனசும் குளிர்ந்துவிடும். ஆனால் அது பொய்க் கணக்கு. உட்கார்ந்திருப்பவரின் எடை மையம் இருக்கைக்கு மேலே ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. எழுந்து நின்றால் அது தளத்திலிருந்து 1 மீட்டருக்குப் போய்விடும். படகு கவிழ்வது அந்த உயர வித்தியாசத்தில்தான்.

கூரைக் கம்பியில் கொத்தனார் தூக்குக்குண்டைச் சரியாக 1 மீட்டர் நூலில் கட்டுங்கள். கீழே ஒரு ஸ்கேல். எல்லா மூட்டையும் சமமாக இருக்கும்போது நூல் நிற்கும் இடம் பூஜ்யம். பிறகு ஒரு பக்கத்து மூட்டைகளை ஐந்தைந்தாக மறுபக்கம் மாற்றுங்கள். பயணிகள் அத்தனை பேரும் ஒரே பக்கம் எதையோ பார்க்க ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கான சோதனை இது. நூல் 17.5 செ.மீ. விலகினால் சாய்வு 10 பாகை. அதைத் தாண்டினாலோ, தாழ்ந்த விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண், அதாவது 20 செ.மீ. இல்லாவிட்டாலோ, நிறுத்துங்கள். (10 பாகை பொதுவாகப் பயன்படுத்தும் வரம்பு. ஒரு சாண் என்பது சின்ன ஏரிக்கு நான் வைக்கும் அளவு. சர்வேயர் கூடுதலாகக் கேட்டால் அவர் சொல்வதே முடிவு.) ஒரு ஆள் குறைத்து, அதாவது 3 மூட்டை இறக்கி, மறுபடி முதலிலிருந்து. எந்த எண்ணிக்கையில் தேறுகிறதோ அதுதான் உங்கள் படகின் கொள்ளளவு. சோதனையின்போது படகில் ஒரே ஆள், ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

இன்னொன்று. படகின் அடியில் மழைத் தண்ணீர் நிற்க விடாதீர்கள். 5 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத் தரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 750 லிட்டர். பத்து ஆள் எடை. அந்த எடை ஓரிடத்தில் உட்காராது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும்.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர் இறந்த இரண்டடுக்குப் படகு, தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் இறந்த படகு, வதோதரா ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த படகு: மூன்றிலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். புயலோ பேரலையோ ஒன்றிலும் இல்லை. தானூர்ப் படகு மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. ஆகவே மேல்தளம், செல்ஃபி மேடை, சாமியானாக் கூரை என்று பின்னால் எதைச் சேர்த்தாலும் மணல் மூட்டைச் சோதனை மறுபடியும் முதலிலிருந்து.

கடையால்:

அண்ணாச்சி, மேலே சொன்னவர் படகைப் பார்த்துவிட்டார், நான் எஞ்சினைப் பார்க்கிறேன்.

எஞ்சினோடு சிவப்புச் சுருள் கயிறு ஒன்று வந்திருக்கும். ஒரு முனை சுவிட்சில், மறுமுனை ஓட்டுநர் மணிக்கட்டில் அல்லது ஜாக்கெட்டில். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று எஞ்சின் அணைந்துவிடும். பாதிப் படகுத்துறையில் அந்தக் கிளிப்பைச் சுவிட்சிலேயே மாட்டிவைத்துக் கயிற்றை எஞ்சின் கழுத்தில் சுற்றியிருப்பார்கள். ஆளில்லாத படகு எஞ்சின் திரும்பிய பக்கம் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், விழுந்த ஆள்மேலேயே திரும்பி ஏறும். கயிறு கையில் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணினால் அன்றைய வேலை கிடையாது என்று எழுதி வையுங்கள். உதிரியாக ஒரு கிளிப் துறையில் இருக்கட்டும்.

ஆகாயத்தாமரை மூலைக்குள் எஞ்சின் படகு போகவே கூடாது. வேர் ப்ரொப்பெல்லரில் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். குளிர்விக்கும் தண்ணீர் இழுக்கும் சல்லடையை இலைச் சக்கை அடைப்பது தெரியாது. எஞ்சின் பின்னால் சின்னக் குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஓட்டுநர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். நூலாக மெலிந்தாலே அணைத்துவிட்டு, கிளிப்பைக் கழற்றி, எஞ்சினைத் தூக்கிச் சல்லடையைச் சுத்தம் பண்ணணும். ப்ரொப்பெல்லரைத் தொடுவதற்கு முன் கிளிப் கழன்றிருக்க வேண்டும், கியரை நியூட்ரலில் போட்டது மட்டும் போதாது.

கருவேலக் கட்டையைச் சித்திரையில் ஏரி வற்றும்போதே பிடுங்குங்கள். முடியாததற்குப் பக்கத்தில் நிறைந்த தண்ணீருக்கும் மேலே தெரிகிற மாதிரி சிவப்புப் பூசிய குழாய் ஊன்றுங்கள். 9.9 எஞ்சினில் பெரும்பாலும் ப்ரொப்பெல்லருக்குள் ரப்பர் புஷ் இருக்கும். கட்டையில் இடித்தால் அது வழுக்கிவிடும். அப்புறம் எஞ்சின் கத்தும், படகு நகராது. அதனால் எஞ்சின் படகிலும் ரெண்டு துடுப்பு, பிறகு நங்கூரம். 4 மீட்டர் ஆழத்துக்குக் கயிறு 20 மீட்டருக்குக் குறையக் கூடாது. நேர்குத்தாகத் தொங்கினால் நங்கூரம் சேற்றில் பிடிக்காது.

பெட்ரோல் கேனைக் கரையில் இறக்கி வைத்து நிரப்பணும், ஆள் உட்கார்ந்திருக்கும்போது இல்லை. படகுக்கு ஒரு 2 கிலோ உலர் பவுடர் தீயணைப்பான், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில்.

முக்கியமானது போக்குவரத்து. ரோட்டில் நாம் இடது பக்கம் போகிற ஆட்கள். தண்ணீரில் எதிரெதிரே வந்தால் ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும். பெடல் படகில் வருகிறவருக்கு இது தெரியாது, பழக்கத்தில் இடது பக்கம் ஒடிப்பார், நேரே வந்து மோதும். அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஏரியையே ஒருவழிப் பாதை ஆக்கிவிடுங்கள். கரை எப்போதும் வலக்கைப் பக்கம், எல்லாப் படகும் இடஞ்சுழியாக. பெடல் படகு உள்வட்டம் பக்கம் வராமல் மிதவை வரிசை போட்டு, எஞ்சின் படகுக்கு நடுவில் தனிப் பாதை. துறையிலிருந்து 50 மீட்டருக்குள் எஞ்சின் படகு அலை எழுப்பாத வேகம்தான்.

மீன்கொத்தி:

ஒரு மாற்றுக் கருத்து. பெடல் படகு கவிழ்வது அரிது, தண்ணீரும் இடுப்பளவு. எல்லாருக்கும் ஜாக்கெட் என்றால் வியர்வை நாற்றம் பிடித்த ஜாக்கெட்டைப் பெயருக்குத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பதில் குழந்தைகளுக்கு மட்டும் ஒழுங்காகப் போட்டால் என்ன?

மிதவை:

மீன்கொத்தி சார், நாற்றம் என்பது நியாயமான புகார். தினம் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க ஆள் போடணும், அதைச் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் இடுப்பளவு என்ற வாதம் ஏரிக்குச் செல்லாது. ஏரி அடியில் இருப்பது வண்டல் சேறு. விழுந்தவர் காலை ஊன்றினால் முழங்கால் வரை இறங்கும், ஒரு காலை இழுக்கும்போது மறு கால் இன்னும் இறங்கும். புடவை, ஜீன்ஸ் நனைந்தால் நிமிர்வதே பாடு. நீச்சல் தெரியாதவர் பதறிக் குப்புற விழுந்தால் இடுப்பளவுத் தண்ணீர் போதும்.

பெடல் படகில் ஆபத்து நடு ஏரியைவிட ஏறி இறங்கும்போதுதான். நாலு பேர் ஒரே பக்கம் கால் வைப்பார்கள். பணியாள் படகின் மறுபக்க விளிம்பைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொருவராக, உட்கார்ந்த பிறகு அடுத்தவர். தினமும் காலையில் ஒவ்வொரு படகின் வடிகால் திருகையும் கழற்றிப் பாருங்கள். உள்ளறையில் நீர் ஏறிய பெடல் படகு வெளியே நன்றாகத்தான் தெரியும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து மிதக்கும்.

ஜாக்கெட் வாங்கும்போது நியூட்டன் அளவு, அதாவது எவ்வளவு மிதக்க வைக்கும் என்பதைப் பாருங்கள். 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கான துணைமிதவை. தெரியாதவருக்கு 100. பழைய ஜாக்கெட்டைச் சோதிக்க எளிய வழி: 10 கிலோ இரும்பு எடைக்கல்லைக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். இரும்பு நீரில் சுமார் 8.7 கிலோவாக இழுக்கும். பெரியவர் ஜாக்கெட் அதைத் தாங்கி ஒரு நாள் முழுக்க மிதக்க வேண்டும். மூழ்கினால் பட்டையை அறுத்துக் குப்பையில் போடுங்கள், சும்மா ஒதுக்கி வைத்தால் கூட்ட நாளில் மறுபடி எடுப்பார்கள். பணியாளர்கள் அதன்மேல் உட்காருவதால்தான் ஃபோம் நசுங்கிப் போகிறது.

குழந்தைக்குத் தொடையிடுக்குப் பட்டை இருக்கும் ஜாக்கெட் வேண்டும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு உதவாது, தண்ணீரில் தலை வழியாகக் கழன்று போகும்.

வட்ட மிதவைக்கு நைலான் கயிறு கட்டாதீர்கள், மூழ்கும். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு, 8 மி.மீ. தடிமன், 30 மீட்டர். துறையில் இரண்டு, எதிர்க்கரையில் ஒன்று. மீட்புப் படகு என்று தனியாக ஒன்று, சவாரிக்குப் போகாமல், ஓட்டுநரோடு நிற்க வேண்டும். உங்கள் இரண்டு மோட்டார் படகும் சவாரியில் இருந்தால் பெடல் படகு துறையை விட்டுப் போகக் கூடாது. மீட்கும்போது காற்றுக்கு எதிராக அணுகி, எஞ்சினை அணைத்து, ஆளைப் பின்பக்கம் வழியாக ஏற்றுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மீட்புப் படகும் கவிழும்.

மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது எதுவும் வேண்டாம். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு 30 மார்பு அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கு. ஒருவர் அதைச் செய்ய இன்னொருவர் 108 அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்து "நன்றாக இருக்கிறேன்" என்றாலும் ஆஸ்பத்திரி போகாமல் அனுப்பாதீர்கள்.

ஏரிக்கரையான்:

மிக்க நன்றி. மூட்டைச் சோதனையை இந்த வாரமே செய்கிறோம். ஒரு சந்தேகம்: 5 வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மடியில் உட்காரும் குழந்தையையும் கணக்கில் சேர்க்கணுமா? எந்தெந்த நாள் மூடுவது என்பதை எப்படி எழுதுவது?

தூக்குக்குண்டு:

சேர்க்கணும். பணக் கணக்கு வேறு, ஆள் கணக்கு வேறு. டிக்கெட் கிழிப்பவர் எண்ணக் கூடாது. துறையில் நிற்பவர் தலையை எண்ணி, படகு எண், ஆள் எண்ணிக்கை, போன நேரம், வந்த நேரம் நான்கையும் நோட்டில் எழுதணும். கைக்குழந்தையும் ஒரு ஆள், அதற்கும் ஒரு ஜாக்கெட். அந்த அளவு ஜாக்கெட் கையில் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குப் படகு இல்லை.

மூடுவதை ஆள் முடிவுக்கு விடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முன் எந்த மேலாளரும் தளர்வார். கண்ணால் பார்க்கும் அடையாளமாக எழுதுங்கள். நீர்ப்பரப்பில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தால் பெடல் படகு நிற்கும். ஆடிக் காற்றில் மதியத்துக்கு மேல் பல நாள் இது நடக்கும். பரவலாகத் தெரிந்தால் எல்லாமே நிற்கும். இடிச் சத்தம் கேட்டால் எல்லாப் படகும் கரைக்கு, கடைசி இடியிலிருந்து 30 நிமிஷம் கழித்தே மீண்டும். கடைசிச் சவாரி சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்.

கலிங்கில் (ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வெளியேறும் இடம்) தண்ணீர் வழியும் நாளிலும் மதகு திறந்த நாளிலும் அந்தப் பக்கம் இழுப்பு இருக்கும். மதகிலிருந்தும் கலிங்கிலிருந்தும் 100 மீட்டரில் மிதவைக் கயிறு கட்டி அதற்கப்பால் யாரும் போகக் கூடாது என்று வையுங்கள். மதகு திறக்கும் தகவல் முன்கூட்டியே உங்கள் துறைக்கு வருவதற்கு நீர்வளத் துறையிடமோ பாசனக்காரர்களிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வற்றும் காலத்துக்குத் துறைத் தூணில் ஓர் அளவுகோல் வரையுங்கள். எஞ்சின் படகின் பாதை முழுக்க ப்ரொப்பெல்லருக்குக் கீழே அரை மீட்டராவது தண்ணீர் இருக்கும் மட்டத்தில் சிவப்புக் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே போனால் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டியதுதான். ஏலத் தொகையைத் தவணையாகக் கட்டுகிறீர்கள் என்றால், அந்த மாதங்களுக்குக் கழிவு உண்டா என்பதை விதிமுறை மன்றத்துக்குப் போகும்போதே பேசி முடித்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது, கிடைக்காதபோது கோடு மெல்லக் கீழே இறங்கும்.