பொருள்: 'சுழற்சி' போதாது, 'இழைபுரி' என்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் பயிற்சிக் குறிப்பைத் தமிழாக்குகிறோம். அதில் முறுகிச் சுற்றிச் செல்லும் கையசைவின் விசைக்கு ஐயா முன்வைத்த 'பட்டுநூற்பு' அழகான சொல்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சீனத்தில் அது 'சான் ஸூ ஜின்'. சான் என்றால் சுற்றிப் பிணைதல், ஸூ பட்டிழை, ஜின் பயின்று வந்த விசை. பஞ்சைத்தான் நூற்கிறோம். பட்டுக்கூட்டில் இழை ஏற்கெனவே இருக்கிறது, அதை உருவி எடுக்கிறோம். வெடுக்கென்று இழுத்தால் அறும், தளரவிட்டால் சிக்கும். தாய்ச்சியில் சென் என்ற பாணியைப் பயில்வோர் கையசைவில் தேடுவது அந்தச் சீரான இழுப்பை.

பொதுவாகச் 'சுழற்சி' என்று வைக்கலாம் என்ற அக்காவின் யோசனையிலும் ஒரு குறை. முன்கை தன் அச்சில் திரும்புகிறது. அதே நேரம் கை முழுவதும் வட்டத்தில் போய்வருகிறது. சுழற்சி முதலாவதை மட்டும் சொல்லும், சுற்று இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் 'புரி' இருக்கிறதே! அம்மம்மா முற்றத்தில் இருந்து தும்புக் கயிறு திரிக்கும்போது பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புரியும் தன்னில் முறுகியபடியே மற்றப் புரியைச் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் 'இழைபுரி' என்கிறேன்.

இனித் திசை. சங்கைப்போல வலம்புரி, இடம்புரி என்று பிரிக்கத்தான் முதலில் எனக்கும் ஆசை. முற்றவெளியில் காலையில் செய்து பார்த்தபோது பொருந்தவில்லை. சிறுவிரல் முன்செல்ல உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவது 'ஷுன்'. பெருவிரல் முன்செல்லக் கீழ்நோக்கித் திரும்புவது 'நி'. அதே ஷுன், வலக்கையில் கடிகாரத் திசையிலும் இடக்கையில் அதற்கு எதிராகவும் போகிறது. அப்படியானால் எதை வலம்புரி என்பது? உள்ளங்கையை வைத்தே பெயரிடுவோம்: மலர்புரி, கவிழ்புரி.

அப்புறம், குறிப்பில் வரும் 'யாவ்' என்ற சீனச் சொல்லுக்கு 'இடுப்பு' என்று எழுத வேண்டாம். இடுப்பு என்றதும் புதியவர்கள் இடுப்பெலும்பை ஆட்டுகிறார்கள், முழங்கால் உள்ளே சரிந்து நோகிறது. யாவ் என்பது விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பகுதி. 'நாரி நோகுது' என்கிறோமே, அந்த நாரி. விசை பாதத்தில் வேர்கொண்டு, காலில் எழுந்து, நாரியின் ஆட்சியில் விரலுக்கு வரும் என்பது தாய்ச்சியின் பழைய பாடம். இலக்கியத்தில் நாரி பெண்ணையும் குறிக்கும், சரி. பயிற்சி வகுப்பில் அந்தக் குழப்பம் வராது.

தமிழ்நாட்டு நண்பர்களின் பேச்சில் நாரி இந்தப் பொருளில் வருமா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.